ஊறவைத்த பாதாம்

மார்ச் ஒன்பதாம் நாள். மழை பெய்யாமல் வானம் மூடிக்கிடக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைகள், பிரிக்கப்படாத மூன்று அட்டைகளாக, சமையலறை மேசையின்மேல் மங்கலாக மின்னுகின்றன. சென்ற ஆண்டு மாரடைப்பிலிருந்து பிழைத்த பேருந்து ஓட்டுநர், சீருடைப் பொத்தானைத் திருகியபடி மனைவியின் முகத்தைப் பாராமல் நிற்கிறார். "தினம் பாதாம் ஊறவெச்சுத் தோலுரிச்சுத் தர்றியே, அதுவும் கொழுப்புக்கு நல்லதுன்னாங்க. அப்புறம் மாத்திரை எதுக்குன்னு ஒரு மாசமா விட்டுட்டேன்." பாதாம் உரித்த ஈரத்தில் அவளுடைய விரல்நுனிகள் வெளிறிச் சுருங்கியிருக்கின்றன. "பாதாம் மாத்திரைக்குத் துணைக்குங்க, பதிலுக்கு இல்ல. கண்டக்டர் இருக்காருன்னு நீங்க பஸ்ஸ விட்டு இறங்கிடுவீங்களா?" அவர் சிரிக்க முயல்கிறார், அவள் சிரிக்கவில்லை. தொலைபேசியை அவர்முன் நகர்த்துகிறாள். அவர் மருத்துவரை அழைத்து, தாழ்ந்த குரலில் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகே அவள் நாற்காலியில் அமர்கிறாள். அப்போது மாலை மணி நான்கு பதினேழு.