வத்சலாவின் பேரில்

வத்சலாவின் பேரில் வங்கியில் இருபதாயிரம் பவுண் கிடந்தது. அதில் ஒரு பென்னியைக்கூட அவள் ஆண்டதில்லை.

எல்லாம் கணவன் வாமதேவனின் சித்துவிளையாட்டு. அந்த 2005இல் லண்டனில் கிரெடிட் கார்ட் கம்பனிகள் போட்டி போட்டுக்கொண்டு, புதிதாகச் சேர்பவர்களுக்குச் சில மாதங்கள் வட்டியில்லாமல் கடன் கொடுத்தன. அவன் அந்தக் காசை எடுத்துச் சேமிப்பில் போட்டு வட்டி வாங்கினான். தவணை முடியுமுன் கடனை இன்னொரு கார்டுக்கு மாற்றிவிடுவான். கடன் முழுவதும் அவன் பேரில்; சேமிப்பு முழுவதும் அவள் பேரில்.

"உமக்கு வேலை இல்லைத்தானே, வட்டிக்கு வரி வராது," என்றான், கணக்குத் தொடங்கக் கையெழுத்து வாங்கிய அன்று.

அவளுக்குச் சுருக்கென்றது. வரி மிச்சம் பிடிக்கத்தான் பெண்சாதி போலும்.

லண்டனின் குட்மேய்ஸ் பகுதியில் இருந்த அவர்கள் வீட்டில் பகல் முழுக்க அவள் தனியே. அவன் பெற்றோல் ஸ்டேஷன் வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, போனை எடுப்பான். கார்ட் கம்பனிப் பெண்ணோடு அரைமணி நேரம் சளைக்காமல் பேசுவான். வைத்துவிட்டால் வாய்க்குப் பூட்டு. குடி இல்லை, அடி இல்லை, பேச்சும் இல்லை. எந்தக் கார்டின் தவணை என்றைக்கு முடிகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். நீர் சாப்பிட்டீரா என்று கேட்க மட்டும் அவனுக்கு வராது.

வெம்பிளியில் இருக்கும் அக்கா போனில் சொன்னாள்.

"காசு உன்ர பேரில, கடன் அவற்ற பேரில. எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு இஞ்ச வாவன், விசரி."

"அவற்ற காசு எனக்கு வேண்டாம். நான் மட்டும் வாறன்."

அன்று சாப்பிடும்போது அவனிடம் சொன்னாள்.

"நான் அக்காட்டப் போகப்போறன்."

"எத்தினை நாளைக்கு?"

"இனி வாற யோசனை இல்லை."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்பான் என அவள் காத்திருந்தாள். போகாதே என்றுகூட வேண்டாம். ஏன் என்ற ஒரு சொல் போதும்.

"நாளைக்குக் காலமை பாங்குக்கு ஒருக்காப் போவம்," என்றான் கடைசியில். "பாஸ்போட்டை எடுத்து வையும்."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்சாதி போகிறாள் என்றதும் மனுசனுக்கு முதலில் ஞாபகம் வந்தது காசு.

காலையில் இருவரும் வங்கிக்கு நடந்தார்கள். கவுண்டருக்கு வந்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"எங்க கையெழுத்து வைக்கவேணும்? எல்லாத்தையும் உங்கட பேருக்கே மாத்துங்கோ. நான் ஒண்டும் கொண்டுபோகமாட்டன்."

"மாத்த வரேல்லை," என்றான் அவன். "இந்தக் கணக்கில காசு எடுக்கிறதெண்டால் ஒரு மாதம் முந்தியே சொல்லவேணும். இல்லாட்டி வட்டியில வெட்டுவாங்கள். இண்டைக்குச் சொல்லிவைச்சால் அடுத்த மாதம் முழுசா எடுக்கலாம்."

"ஆர் எடுக்கிறது?"

"நீர்தான்."

"அப்ப கார்ட் கடன்?"

"அது என்ர பேரிலதானே கிடக்கு. ஓவர்டைம் செய்து கட்டுவன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வரி மிச்சம் எண்டுதானே என்ர பேரில போட்டனீங்கள்?"

வாமதேவன் பேனையை அவள் பக்கம் தள்ளினான்.

"அது சும்மா சொன்னது. இந்த ஊமையனோட நீர் எத்தினை நாளைக்கு இருப்பீர்? போற அண்டைக்கு உம்மட கையில ஏதும் இருக்கவேணும் எண்டுதான் இந்தக் கணக்கையே துவங்கினனான்."