கன்னியாகுமரியில் ஐந்தாவது நாள்

ஆபீஸ் பைலின்படி அச்சுதன் குடும்பம் சர்க்கார் செலவில் ஊர் சுற்றும் எல்.டி.சி. விடுமுறையில் கன்னியாகுமரியில் இருந்தது. உண்மையில் டில்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில், ஜன்னலெல்லாம் சாத்தி, ரஜாய்ப் போர்வைக்குள் கிசுகிசுத்தபடி ரம்மி ஆடிக்கொண்டிருந்தது.

“சிரிக்காதேடி! கீழ்வீட்டுல சிவஞானம் சார். எல்.டி.சி.க்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். தெரிஞ்சா என் வேலை போயிடும்” என்று மகளை அடக்கினான் அச்சுதன்.

“அப்பா, நாலு நாள் பனிமூட்டத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் வெயில். மாடிக்குப் போலாம்ப்பா, ஜல்தி!” என்றாள் ஸ்நேகா.

மனைவி விஜயலக்ஷ்மியும் சேர்ந்துகொண்டாள். “கன்னியாகுமரி போனவா கொஞ்சமாவது கறுத்துப்போய்த் திரும்ப வேண்டாமா?”

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூவரும் சத்தமில்லாமல் மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் அச்சுதன் சட்டென்று நின்றான். பாய் விரித்து, குடும்பத்தோடு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார் சிவஞானம்.

“சார்... அது வந்து... ரயில் கான்சலாகி...”

சிவஞானத்தின் முகம் அச்சுதன் முகத்தைவிட வெளுத்திருந்தது. அவசரமாக நகர்ந்து, பாயில் மூன்று பேருக்கு இடம் விட்டார்.

“மெதுவாப் பேசுங்க அச்சுதன். நான் திங்கட்கிழமையிலேர்ந்து கோவாவுல இருக்கேன்.”