முதல் மணி

நிரந்தர வேலை இல்லாமல், கூப்பிட்டால் மட்டும் வந்து போகிற கலைஞர்களுக்குப் புது ஒப்பந்தம் போடுகிறார்கள் என்று, நாடக அரங்கின் மேலாளர் எல்லோரிடமும் கோரிக்கை கேட்டிருந்தார். திரைச்சீலை வரையும் ஓவியன் ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தான்.

மேலாளர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"எல்லாரும் காப்பீடு, ஓய்வறைன்னு பட்டியல் போட்டிருக்காங்க. நீ என்னப்பா, ஃபோனை எடுக்கலைன்னா வேலையை அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கே?"

"அது ஒண்ணு போதும் சார்."

"உனக்கு எதுக்கு? முதல் மணியிலேயே எடுக்கிற ஆளாச்சே! 'இவர் என்னைக் கட்டிக்கிட்டாரா, ஃபோனைக் கட்டிக்கிட்டாரா'ன்னு உன் வீட்டுக்காரம்மா கேலி பண்ணுவாங்களே. ஆமா, அவங்களும் உன்கூட இங்க வரையிறவங்கதானே, அவங்க கோரிக்கையைக் காணோம்?"

"அவ இனி வரமாட்டா சார்."

"ஏன், வேற நல்ல இடம் கிடைச்சிடுச்சா?"

அவன் மேசைமேல் இருந்த மேலாளரின் ஃபோனைப் பார்த்தான்.

"போன மாசம் உனக்கு என்னதான் ஆச்சு? எடுத்தே, 'சொல்லுங்க சார்'னே. அப்புறம் பேச்சு மூச்சே இல்லை. கத்திப் பார்த்துட்டு வேற ஆளைக் கூப்பிட்டுட்டேன்."

"தெரியும் சார்."

"கையில வேற வேலை இருந்துச்சோ?"

"ஒரு பள்ளிக்கூடத்து மாடிச் சுவர் சார். அவதான் மேலே வரைஞ்சிட்டிருந்தா."

"அப்ப நீ கீழே சும்மாதானே நின்னே?"

அவன் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான்.

"ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன் சார். உங்க ஃபோன் வர்ற வரைக்கும்."