சந்தேகத்துக்கு மருந்து

அமிர்தவல்லியின் வியாதியை அவள் கணவன் கதிரேசன்தான் ஹோமியோபதி டாக்டரிடம் விவரித்தான். ஓயாமல் பேசுகிறாள், எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறாள், கழுத்தை இறுக்குகிறது என்று தாலிச் சங்கிலியைக்கூடக் கழற்றி வைத்துவிடுகிறாள் என்றான். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இது பாம்பு விஷத்துல செஞ்ச மருந்து சார். இந்தக் குணமுள்ள பொம்பளைங்களுக்குக் கச்சிதமா வேலை செய்யும். காலையில நாலு உருண்டை, ராத்திரி நாலு உருண்டை குடுங்க,” என்று குப்பியை மேஜைமேல் வைத்தார்.

“நான் இங்கதான் உக்காந்திருக்கேன் டாக்டர்,” என்றாள் அமிர்தவல்லி.

“பாத்தீங்களா?” என்று கதிரேசன் சிரித்தான். டாக்டரும் சிரித்தார்.

அவளுக்குக் காது மடல் கொதித்தது. குப்பியை எடுத்து மூடியைத் திருகி, அத்தனை உருண்டைகளையும் வாயில் கொட்டிக்கொண்டாள். கதிரேசன் பதறி எழுந்தான்.

“அடியே, விஷம்டி!”

“பயப்படாதீங்க சார், ஒண்ணும் ஆகாது. சர்க்கரை உருண்டைதான்,” என்ற டாக்டர், சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல நிறுத்திக்கொண்டார்.

அவள் நறநறவென்று மென்று விழுங்கினாள். முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கணவன் பக்கம் திரும்பினாள்.

“மருந்து பூராவும் சாப்பிட்டாச்சு. சந்தேகம் போகல. இப்பவாவது சொல்லுங்க, ராஜகிளி யாரு?”

கதிரேசன் டாக்டரைப் பார்த்தான்.

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், எந்திரி.”

அவள் எழுந்திருக்கவில்லை.