எருமை போட்ட ஒன்றாம் கியர்

குளம் வற்றிக்கொண்டே வந்தது. தவளையின் தலைப்பிரட்டைகள் சேற்றில் நெளிந்தன. கிணற்றில் இறைத்த ஒரு டிரம் தண்ணீரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, கிழட்டு டிராக்டரைக் குளத்துக்கரை மேட்டில் விரட்டியது குரங்கு. மூன்றாம் கியரில் சீறிப்போய் பாதி மேட்டில் திணறியதும், ஓட்டத்திலேயே கியர் கம்பியை ஒன்றுக்கு இழுத்தது.

"கர்ர்ர்ரக்! ஐயோ, என் பல்லு!" என்று அலறிய டிராக்டர், எந்தக் கியரிலும் சிக்காமல் விறுவிறுவென்று பின்னால் உருண்டது. பாதித் தண்ணீர் காலி.

"கிணத்துலயும் இனி தண்ணி இல்லப்பா," என்றது தவளை. "மிச்சமும் கொட்டுச்சுன்னா என் பிள்ளைங்க அவ்வளவுதான்."

கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை வந்து, குரங்கை இறக்கிவிட்டு சீட்டில் ஏறியது. மேடு தொடங்கும் முன்பே வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை அடிவரை மிதித்து, அசைபோட்டபடி உட்கார்ந்திருந்தது.

டிரெய்லரில் தொற்றிக்கொண்ட குரங்கு, எருமைக் குரலில் இழுத்தது: "ம்ம்ம்மேடு தானா எறங்கி வரட்டும்னு இருக்கீங்களாக்கா?"

"உள்ள பல்சக்கரம் இன்னும் சுத்துதுடா. நிக்கட்டும்."

நின்றது. எருமை கம்பியை ஒன்றுக்குத் தள்ளியது. டக்.

"அட! போட்டதே தெரியலையே தாயி!" என்று சிலிர்த்தது டிராக்டர்.

டுப்பு, டுப்பு, டுப்பு என்று அதே கியரில் வண்டி மேடேறியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. உச்சிக்கு வந்ததும், டிரம்மை இரண்டு கையாலும் வாலாலும் கட்டிப்பிடித்திருந்த குரங்கு கத்தியது:

"அக்கா, இறக்கத்துலயும் இதே கியர்லயே போங்கக்கா!"