ஓடை மோட்டருக்கு நாலு எம்.எம். வயர்

"என்னங்க தம்பி, இன்னைக்காவது மோட்டரு தண்ணி குடுக்குமா, இல்ல மொணகிக்கிட்டே கெடக்குமா?"

வீரம்மா கேட்டதும் திலக்ஷனின் முகம் சுருங்கிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய பெரிய மோட்டர்களைப் பார்த்துக்கொள்கிற எலக்ட்ரீசியன் அவன். அக்கரப்பத்தனையில் இந்த ஒரு லீக்ஸ் தோட்டம் மூன்று ஞாயிறாக அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

"மோட்டர்ல கோளாறு இல்லீங்கம்மா. வயருதான் பத்தல."

"லீக்ஸு வாடுதுங்க. இன்னைக்கும் தண்ணி ஏறலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

வேறு ஆள் வந்தால் அப்புறம் எந்தச் சாக்கில் இந்தப் பக்கம் வருவது? வீரம்மாவின் மகள் பிரியந்தி ஹட்டனில் எங்கோ வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவாள்.

இன்றைக்கும் வந்திருந்த அவளே கடையில் வாங்கிய வயர்ச்சுருளை நீட்டினாள். வாங்கிப் பார்த்தவன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நாலு எம்.எம். கேட்டேன். இது ரெண்டரை."

"போன வாரம் ஒன்றரைதானே வாங்கியாந்தேன்? இது அதவிடத் தடிப்புங்க."

பாவம், இவளுக்கு என்ன தெரியும் என்று அவன் பொறுமையாக விளக்க ஆரம்பித்தான். "மோட்டரு கெளம்புறப்ப அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். வீட்டுக்கும் மோட்டரு இருக்கிற ஓடைக்கும் நல்ல தூரம். மெல்லிசு வயர்னா போற வழியிலேயே வோல்டேஜ் கொறஞ்சிரும். மோட்டரு கெளம்பாம சூடேறி எரிஞ்சிரும்."

"அப்படீங்களா?" அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

அவனும் ஆசையாக இன்னொரு முறை சொன்னான்.

எதற்கும் இருக்கட்டும் என்று அவனே நாலு எம்.எம். சுருள் ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதை இழுத்துக் கட்டி சுவிட்சைப் போட்டதும் மோட்டர் கிளம்பியது. லீக்ஸ் பாத்தியில் தண்ணீர் பாய்ந்தது. மானம் பிழைத்தது, மனசுதான் விழுந்துபோனது.

"அப்ப நான் வரேங்கம்மா. இனி இங்க எனக்கு வேலை இருக்காது."

பிரியந்தி சட்டென்று உள்ளே போய்விட்டாள். வீரம்மா சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம ஒங்க அம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி. ஹட்டன்ல மோட்டருக்கு வயர் போடச் சொல்லிக்குடுக்கிற டீச்சரே வாராவாரம் தப்பான வயரா வாங்கியாந்தா, பெத்தவ எனக்குப் புரியாதா?"