மூன்றாம் மாடிக்குப் போன தலையணை

கீழ்வீட்டு வாசுகியின் சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போன சேதி குடியிருப்பு முழுக்கத் தெரியும். எங்கே போகின்றன என்பது வாசுகிக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. முதலில் பழைய மூக்குக்கண்ணாடி, பிறகு கல்யாணப் புடவை, நேற்று தலையணை. மூன்றாம் மாடி ஹசீனா அக்காவே மனசு கேட்காமல் தாயையும் மகளையும் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினாள்.

"உன் மகதான் கொண்டாந்து வைக்கிறா. கடல் ஏறி வருமுன்னு பள்ளிக்கூடத்துல படம் போட்டுக் காட்டினாங்களாம். உங்க வீடுதான் முதல்ல முங்குமாம்."

வாசுகிக்குச் சிரிப்பு வந்தது. அலமாரியைத் துழாவிவிட்டு மகளைக் கேட்டாள். "உன் சாமான் ஒண்ணுகூட இல்லையேடி?"

இரண்டாம் வகுப்பு நறுமுகை தரையைப் பார்த்தாள். "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே. உனக்குத் தெரியாதுல்ல?"

வாசுகி அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் நீச்சல் பழகிய அதே குளத்தில், ஆழமில்லாத பக்கமாகப் பார்த்துச் சுடிதாரோடு இறங்கினாள் வாசுகி. வேடிக்கை பார்க்க நாலு பேர் போனார்கள். போகாமல் இருக்க முடியுமா என்ன? தாயின் மோவாயை உள்ளங்கையில் ஏந்திப் பிடித்திருந்தது குழந்தை. "காலை அடிம்மா. நான் விடமாட்டேன்."

புடவையும் கண்ணாடியும் கீழே வந்துவிட்டன. தலையணையை மட்டும் நறுமுகை இன்னும் இறக்க விடவில்லை.